உலுருவுக்கு ஆயத்தம், நிலாவரைக்கு அவசரம்

அவுஸ்திரேலியாவில் வாழும் புத்தூர்க் குடும்பம் ஒன்று உலுருப் பாறையைப் பார்க்க வெளிக்கிடுவதென்றால் பல வாரங்களுக்கு வீட்டில் அதுதான் பேச்சு. வாகனம், தண்ணீர், தங்குமிடம், பெற்றோல் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்துச் சரிபார்ப்பார்கள். அதே குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்தால், நிலாவரைக் கிணற்றுக்குக் கிடைப்பது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் இடையில் மிஞ்சும் கால்மணி நேரம். தூரத்தை வைத்துப் பார்த்தால் இது நியாயந்தான். தூரம் மட்டுமே பயணத்தின் அளவுகோல் அல்ல என்பதற்காகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கிலோமீற்றர் போனால் எர்ள்டண்டா வரும். அங்கே மேற்கே திரும்பி லாசற்றர் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். உலுருவுக்கு அருகிலுள்ள யூலாரா வரை மொத்தம் 450 கிலோமீற்றர் அளவில் வரும். முழுவதும் தார் வீதி, சாதாரணக் காரே போதும். அங்கும் நம்மைப்போல் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். அடிலெய்டிலிருந்து தொடங்கினால் தூரம் 1,600 கிலோமீற்றரை நெருங்கும். அந்த வழியில் கிளென்டம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீற்றருக்குப் பெற்றோல் நிலையம் கிடையாது. ஆகவே கண்ட இடத்தில் தாங்கியை நிரப்பு என்பது அங்கே முதல் விதி.

இருட்டில் ஓட்டக்கூடாது என்பது அடுத்த விதி. கங்காருவும் மாடும் காட்டு ஒட்டகமும் வேலியில்லாத வீதியில் குறுக்கே வரும். வாடகைக் கார் நிறுவனங்கள் பல, நகரத்துக்கு வெளியே இரவில் நடக்கும் விபத்துக்குக் காப்புறுதி தருவதில்லை. 50 மீற்றர் நீளமான தொடர்லொறிகளை முந்துவதற்கு நெடுந்தூரம் வெறும் வீதி தெரிய வேண்டும். கைத்தொலைபேசி பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது. வாகனம் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக்கூடாது. தேடி வரும் விமானத்துக்கு மனிதனைவிடக் கார் இலகுவாகத் தெரியும். மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களே உகந்தவை. மார்கழி, தையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆடி மாதத்து இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்.

இத்தனையையும் கடந்து போனால் தெரிவது 348 மீற்றர் உயரமும் 9.4 கிலோமீற்றர் சுற்றளவுமுள்ள ஒரே மணற்பாறை. அதன் உரித்தாளர்கள் அனங்கு மக்கள். 1985 ஒக்ரோபர் 26 அன்று அந்த நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாக விட்டார்கள். பாறையில் ஏற வேண்டாம் என்று நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019 இல் அதே நாளில் ஏற்றம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இப்போது வருபவர்கள் அடிவாரத்தைச் சுற்றி நடக்கிறார்கள். முட்டிஜுலு நீர்ச்சுனையருகே குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணின் கதையைக் கேட்கிறார்கள். வறண்ட நிலத்தின் நடுவே மக்களை வாழவைத்தது அந்தச் சுனைதான்.

தண்ணீர் என்று வரும்போதுதான் நவக்கிரியிலுள்ள நிலாவரை நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்தக் கல்லைத் தண்ணீரே கரைத்துக் குகையாக்கி, மேற்கூரை இடிந்து விழுந்த இடமே நிலாவரை. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கடல் நீர் கனமானது என்பதால் நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவிடும்.

இராமர் அம்பை ஊன்றித் தம் சேனையின் தாகம் தீர்த்தார் என்பது நம்மவர் கதை. நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்றும் சொல்வார்கள். இதை வெறும் கற்பனையென்று தள்ள நான் தயாரில்லை. கல்லுக்கடியில் தண்ணீருக்கு வழிகள் உண்டென்பதை நம் முன்னோர் தம் மொழியில் சொல்லி வைத்தார்கள். ஒரு கிணற்றில் விழுவது அந்தக் கிணற்றோடு நிற்பதில்லை என்பதை அண்மைக்காலமும் காட்டியது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் குடிநீருக்கு அலைந்தார்கள். தோட்டங்களுக்கு இடும் பசளையின் நைத்திரேற்றும் குடாநாட்டின் பல கிணறுகளில் அளவை மீறியிருக்கிறது.

இரண்டு பயணங்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பாலைவனத்துக்கு ஆயத்தமில்லாமல் போனால் ஆபத்து போகிறவருக்கு. நிலாவரைக்கு ஆயத்தமில்லாமல் போனால் ஆபத்து கிணற்றுக்கு. முன்னதில் உயிருக்குப் பயந்து ஒழுங்காக நடக்கிறோம். பின்னதில் பயமில்லை, அதனால் ஒழுங்குமில்லை. அனங்கு மக்களின் விருப்பத்தை மதித்து அடிவாரத்தைச் சுற்றி நடந்து திரும்பும் நம் பிள்ளைகள், இங்கே வெற்றுப் போத்தலைக் கிணற்றருகே விட்டுப் போவதை ஏற்க முடியாது.

நிலாவரைக்கும் திட்டம் தேவை, அது சிறியதுதான். திருவிழாக் காலத்தில் மழையில்லை, நிலத்தடி நீர் குறைந்துகொண்டே போகும். முடிந்தவர்கள் தை, மாசியில் ஒருமுறை வந்து நிறைந்த நீரையும் பாருங்கள். காலையில் நிலாவரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுன்னாகம் வழியாகக் கீரிமலைக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழக் கதை விளங்கும். கொண்டுபோன பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையும் புத்தூர்ப் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து, மேலே நன்னீரும் கீழே உவரும் நிற்கும் விதத்தைப் படமாக வரைந்து கிணற்றருகே நிறுத்த வேண்டும். அதற்கான செலவை வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள் ஏற்கலாம். உலுருப் பயணம் ஒன்றுக்கு ஆகும் காசுகூட அதற்குத் தேவைப்படாது.