கைப்பட்டையும் வகுப்புப் பலகையும்

"பள்ளிக்கூடத்துக்குள்ளே வாத்தியாருக்கு அரசியல் எதுக்கு? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று எதிரணி நண்பர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒண்ணுதானா? பார்ப்போம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், அடிசன் என்றொரு சிற்றூர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தியவர் சார்லஸ் ஜேம்ஸ். போரே ஆகாது என்னும் குவேக்கர் சமயத்தவர். 1969 நவம்பரில், வியட்நாம் போரை எதிர்த்துக் கையிலே கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார். பிரசங்கம் பண்ணினாரா? இல்லீங்க. கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். தற்காலிக நீக்கம்! 'பள்ளிக்குள் அரசியல் கூடாது' என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மனுஷர் டிசம்பரில் மறுபடியும் கட்டினார். 1970 ஜனவரியில் வேலையே போச்சு.

இப்போ கவனிங்க. அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியர் தம் வகுப்புப் பலகையில் 'கௌரவத்தோடு சமாதானம்' என்ற வாசகத்தை வைத்திருந்தார். அது நிக்சன் அரசின் கோஷம். அவரை யாராவது ஏன் என்று கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை! 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஓரவஞ்சனையையும் சுட்டிக்காட்டித்தான் ஜேம்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பட்டையால் பாடம் கெட்டதற்குச் சான்றே இல்லை என்றது.

எதிரணிக்கு ஒரு சீட்டை நானே எடுத்துத் தருகிறேன். 2003-இல் இண்டியானாவில் ஓர் ஆசிரியை, பிள்ளைகள் கேட்டதற்கு, 'சமாதானத்துக்காக நானும் ஹாரன் அடித்தேன்' என்றார். வேலை நீடிக்கவில்லை. 2007-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், வகுப்பறைப் பேச்சு பள்ளிக்கே உரியது என்றது. சரி, உரியதாகவே இருக்கட்டும். அந்த உரிமைக்காரர் கண்ணுக்குப் பட்டை மட்டும் தெரிந்து, பலகை தெரியாமல் போனால் யார் கேட்பது? நண்பர் எழுந்து பதில் சொல்லட்டும்.