எலுமிச்சை மஃபின் வந்த கதை

காகிதக் கிண்ணத்துக்குள் உப்பி நிற்கும் எலுமிச்சை மஃபினை வீட்டில் செய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மஃபின் என்றால் வேறு பண்டம்! ஈஸ்ட் கலந்த மாவு பொங்கும்வரை காத்திருந்து, கல்லில் சுட்டெடுக்கும் தட்டையான ரொட்டி அது. லண்டன் தெருக்களில் மணியடித்துக் கூவி விற்பார்கள். இங்கிலாந்தில் இன்றும் அந்தப் பெயர் அதற்கு உண்டு.

அந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டியது அடுப்புச் சாம்பல் என்றால் நம்புவீர்களா? விறகுச் சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சிச் சுத்தம் செய்தால் பேர்ல்ஆஷ், அதாவது பொட்டாசியம் கார்பனேட் கிடைக்கும். அமெரிக்க அரசு 1790-ல் வழங்கிய முதல் காப்புரிமையே இதைத் தயாரிக்கும் முறைக்குத்தான். 1796-ல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' நூலில் பேர்ல்ஆஷ் சேர்த்த பலகாரங்கள் இருக்கின்றன. பிறகு சோடா வந்தது. ஜான் ட்வைட், ஆஸ்டின் சர்ச் இருவரும் 1846-ல் அதை விற்கத் தொடங்கினார்கள். நம் ஊர் ஆப்பசோடாவேதான்.

சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கரியமில வாயு நன்றாகக் கிளம்பி மாவு உப்பும். புளித்த பால், மொலாசஸ் பாகு, எலுமிச்சைச் சாறு என்று கையில் இருந்ததை ஊற்றினார்கள். இங்கேதான் தலைவலி. இன்றைய பாலின் புளிப்பு நாளைய பாலில் இருக்காது. புளிப்பு குறைந்தால் மஃபினில் சோப்பு வாடை அடிக்கும். மாவும் முட்டையும் வெண்ணெயும் வீண்.

அமிலத்தையும் சோடாவையும் அளந்து ஒரே பொடியாக்கியதுதான் பேக்கிங் பவுடர். பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-ல் இதைச் செய்தார். காரணம், ஈஸ்ட் அவர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது! அமெரிக்காவில் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856-ல் பாஸ்பேட் அமிலத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

அடுத்து வந்தது சண்டை. ராயல் நிறுவனத்தின் பொடியில் இருந்தது ஒயின் பீப்பாய்களில் படியும் கிரீம் ஆஃப் டார்டார். (நம் புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலம்தான்.) விலை அதிகம். போட்டியாளர்கள் மலிவான படிகார வகையைச் சேர்த்தார்கள். 1899-ல் மிசௌரி மாநிலம் படிகாரம் கலந்த பேக்கிங் பவுடரைத் தடை செய்தது. மக்கள் உடல்நலத்துக்காக என்றார்கள். பின்னால் ராயலின் லஞ்சப் பணம் இருந்தது வெளியே வந்தபோது, 1903-ல் துணை ஆளுநர் ஜான் லீ பதவி விலகினார். 1905-ல் சட்டமும் போனது. ஒரு தேக்கரண்டிப் பொடிக்கு இவ்வளவு அரசியல்!

பவுடர் வந்ததும் மாவை உப்ப வைக்கும் வேலை எலுமிச்சைக்கு இல்லாமல் போனது. அதன் பிறகு அது மணத்துக்கு மட்டும். மணம் சாற்றைவிடத் தோலில்தான் அதிகம். லிமோனீன் என்ற எண்ணெய் மஞ்சள் மேல்தோலில் இருக்கிறது. அதனால்தான் தோலைத் துருவிச் சேர்க்கிறார்கள். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி வந்துவிட்டால் கசக்கும்.

ஆரஞ்சு மஃபினுக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. பிரேசிலின் பாஹியாவிலிருந்து வந்த நேவல் ஆரஞ்சுக் கன்றுகளை எலிசா டிபெட்ஸ் 1873 வாக்கில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் நட்டார். பழத்தில் விதை கிடையாது, ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். ரயில் ஏறிக் கிழக்கு நகரங்களின் சமையலறைகளுக்குப் போன கலிஃபோர்னிய நேவல் ஆரஞ்சுகள் அந்தக் கன்றுகளின் வழிவந்தவை.