உயர் என்ட்ரோபி உலோகக் கலவைகளில் மலிவான மாற்றுத் தனிமங்கள்

எந்த உலோகத்தையும் முதன்மையாகக் கொள்ளாமல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களை ஏறத்தாழச் சம பங்கில் சேர்த்து ஆக்குவது உயர் என்ட்ரோபி உலோகக் கலவை. பழைய வழக்கம் வேறு. ஏரலிலிருந்து தாமிரபரணியோடு மேல்நோக்கிப் போனால் வரும் ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலக் கலங்களில் செம்பே முதன்மை. சிலவற்றில் வெள்ளீயம் 23 விழுக்காடு அளவுக்கு உண்டு. அத்தனை வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தைச் சிவக்கக் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்தால்தான் உடையாமல் நிற்கும். வெள்ளீயத்தின் இடத்தில் துத்தநாகம் வந்தால் பித்தளை. ஒரு தனிமத்தை மாற்றினால் செய்முறையும் மாறும் என்பது பாத்திரத் தொழிலில் நெடுங்காலமாகத் தெரிந்ததே.

புதிய வகையை 2004-இல் தைவானின் ஜியென்-வெய் யே, இங்கிலாந்தின் பிரையன் கேன்டர் ஆகிய இருவர் குழுக்களும் தனித்தனியே வெளியிட்டன. முந்தைய ஆண்டே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் பல்தனிமக் கலவைகளைப் பற்றி எழுதியிருந்தார். இந்த முன்னோடித்தனம் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும்.

கேன்டர் கலவையில் இரும்பு, குரோமியம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் உள்ளன. கடுங்குளிரிலும் நொறுங்காது, ஆனால் அறை வெப்பத்தில் வலிமை குறைவு. கோபால்ட் விலை உயர்ந்தது, பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருவது. 1978-இல் அங்கே ஷாபா மாகாணத்தில் போர் மூண்டபோது உலகெங்கும் அதன் விலை ஏறியது.

2016-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் நிக்கலை முற்றிலும் நீக்கி, கோபால்ட்டைப் பத்து விழுக்காடாகக் குறைத்து, இரும்பை 50, மாங்கனீசை 30 என உயர்த்தினர். இழுக்கும்போது இக்கலவையின் கனசதுர அணு அடுக்கு அறுகோண அடுக்காக மாறுகிறது. வலிமையும் நீட்சியும் ஒருசேரக் கூடின. செலவைக் குறைத்ததே வலுவுக்கும் வழியானது என்பதுதான் இதில் வியப்பு. அலுமினியம் சேர்ப்பது இன்னொரு வழி. அதன் பெரிய அணு அடுக்கை நெளியச் செய்து கடினமாக்கும்; அளவு மிஞ்சினால் உலோகம் நொறுங்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் எஸ். வரலட்சுமி, எம். காமராஜ், பி. எஸ். மூர்த்தி ஆகியோர் 2008-இல் வெளியிட்ட கலவையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை: அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு. இங்கே துத்தநாகம்தான் சோதனை. அது 907 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகும். குரோமியம் உருகவே சுமார் 1,900 டிகிரி வேண்டும். உருக்கி வார்க்க முயன்றால் துத்தநாகம் தப்பிவிடும். எனவே பொடிகளைக் குண்டு அரவை ஆலையில் மணிக்கணக்காக அரைத்து, திடநிலையிலேயே கலந்தனர். படிகத்துகள்கள் பத்து நானோமீட்டருக்கும் சிறியவையாயின. பொடியைப் பிறகு சூட்டோடு அழுத்தி இறுக்க வேண்டும். மூலப்பொருளில் மிச்சமாகும் காசில் ஒரு பகுதி அந்த அரவைக்கும் அழுத்தத்துக்கும் போகிறது.