ஒற்றைக் கையால் வரைந்த மிசுகி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதனால் ஜப்பானிய மாங்கா கதைகளையும் பிரெஞ்சில்தான் படித்தேன். எழுபது வயதுக்கு மேல் படக்கதையா என்று பேரன் சிரிக்கிறான். அவனுக்கு நருட்டோ, எனக்கு ஷிகெரு மிசுகி.

1922இல் பிறந்தவர் மிசுகி. இரண்டாம் உலகப்போரில் நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். மீதமிருந்த கையால் வரைந்தே வாழ்ந்தார்.

அவருடைய 'நோன்நோன்பா', சிறுவயதில் தமக்குப் பேய்க்கதை சொன்ன பாட்டியைப் பற்றியது. 2007இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் சிறந்த படக்கதை நூலுக்கான பரிசு பெற்றது. படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது.

1973இல் வெளிவந்த போர்க்கதை வேறு ரகம். அதே தீவில் ஒரு படையை வீரமரணம் அடையச் சொல்லி அனுப்புகிறார்கள். சிலர் பிழைத்து வருகிறார்கள். எல்லோரும் இறந்ததாக மேலிடத்துக்கு ஏற்கெனவே அறிக்கை போய்விட்டது! ஆகவே அவர்களை மறுபடியும் சாக அனுப்புகிறார்கள். காலமெல்லாம் கோப்பு பார்த்த எனக்கு அந்தப் பக்கங்களில் கை நடுங்கியது.

என் பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா போய்த் திரும்பியவர். போரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.