சைதாப்பேட்டைக்கு வந்த சிவப்புப் பூச்சி

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நோக்கிச் செல்கையில், கிண்டியைத் தாண்டியதும் அடையாற்றுப் பாலம் வரும். அதை அடுத்துச் சைதாப்பேட்டை. இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர் அவ்வூரில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு கள்ளித் தோட்டம் வைத்திருந்தனர் என்றால் நம்புவீர்களா? வேலியோரத்தில் தானே முளைக்கும் சப்பாத்திக் கள்ளிக்குத் தோட்டம் எதற்கு? அது கள்ளிக்காக வைத்ததன்று. கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு பூச்சிக்காக வைத்தது.

கொச்சினீல் என்பது அப்பூச்சியின் பெயர். பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஊசி போன்ற வாயைக் கள்ளி மடலில் செருகிவிட்டால், பிறகு அது இடம் பெயர்வதில்லை. உடல் மீது வெள்ளை மெழுகுப் போர்வை. உள்ளே கார்மினிக் அமிலம் என்னும் செந்நிறப் பொருள். ஓட இயலாத பூச்சிக்கு எறும்பை அண்டவிடாமல் செய்யும் காவல் அதுவே. மனிதனுக்கோ அது விலையுயர்ந்த சாயம்! ஒரு பவுண்டு சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகளை உலர்த்த வேண்டும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் இதைத் தம் ஏகபோகமாகக் காத்து வந்தனர்.

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல் இங்கேயே ஒரு செம்பூச்சியைக் கண்டு, லண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அது சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் மனிதர் சோர்ந்துவிடவில்லை. உண்மையான பூச்சி வரும் நாளுக்காகச் சைதாப்பேட்டையில் பல நாட்டுக் கள்ளிகளை வளர்த்துக் காத்திருந்தார்.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. ஆனால் வந்தது மெக்சிகோப் பூச்சியன்று. அதன் காட்டு உறவினம். சாயம் மட்டம். சைதாப்பேட்டைத் தோட்டம் 1800இல் மூடப்பட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்டக் குறிப்பு மட்டுமே. பூச்சியோ தன் வேலையை நிறுத்தவில்லை. நம் பழைய கள்ளி வேறு, சப்பாத்திக் கள்ளி வேறு. பின்னது அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. முள்ளுக்கு அஞ்சி மாடு அதில் வாய் வைக்காது. ஒரு மடல் முறிந்து விழுந்தாலும் வேர்விட்டுப் புதராகும். தாய்நாட்டில் அதை அடக்கிய எதிரி இங்கே இல்லாததால் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அது விழுங்கியது. அந்த எதிரியைத்தான் நீல்சன் தம்மை அறியாமல் கப்பலேற்றி வந்துவிட்டார்! வட இந்தியாவில் ஒரு வகைக் கள்ளிப் புதர்கள் வாடி மடிந்தன. அதைக் கண்டு 1836க்கும் 1838க்கும் இடையில் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்தனர். களையை ஒழிக்க மனிதன் பூச்சியை ஏவி வெற்றி கண்ட முதல் நிகழ்ச்சி இதுவே என்பர்.

ஆனால் இப்பூச்சி நாக்கு நீண்டதன்று. 'ஒப்பன்ஷியா மோனகாந்தா' என்ற ஒரே இனத்தைத்தான் அது விரும்பி உண்டது. நாம் இன்று மிகுதியாகக் காணும், மஞ்சள் முள்ளும் செம்பழமும் கொண்ட 'டில்லேனி' வகையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்று ஒழிய, மற்றொன்று தென்னாட்டில் தடையின்றிப் பரவி நின்றது. (பள்ளிப் பிள்ளைகள் நாக்கு சிவக்கத் தின்பது இதன் பழத்தைத்தான்.)

விடை சுற்றுவழியில் வந்தது. கள்ளியால் தவித்த ஆஸ்திரேலியர் வட அமெரிக்காவிலிருந்து 'டாக்டிலோபியஸ் ஒப்பன்ஷியே' என்ற மற்றோர் இனத்தைத் தருவித்தனர். அது 1924இல் இலங்கைக்கும், 1926இல் அங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தில் புதர்கள் அடங்கின. நீல்சன் கொண்டுவந்த பூச்சிக்கோ, 1896இல் இலங்கையில் ஆராய்ந்து பெயரிட்டதால், 'சிலோனிக்கஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிறந்ததென்னவோ தென் அமெரிக்காவில்!

கள்ளி அடியோடு அழிந்துவிடவில்லை. புதர் குறைந்தால் பூச்சி பட்டினி கிடக்கும். எங்கோ தப்பிய மடல் மறுபடி தழைக்கும். காற்றில் மிதந்து வரும் குஞ்சுகள் அதையும் ஒருநாள் கண்டுபிடிக்கும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள புதர்க்காட்டிலோ பாறை மேட்டிலோ சப்பாத்திக் கள்ளியைக் கண்டால், மடலில் வெண்பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முள் தைக்காமல் ஒரு குச்சியால் நசுக்குங்கள். குச்சியின் நுனி இரத்தச் சிவப்பாகும்.