ஸப்பெலோ தீவில் பிலாலியின் சந்ததிகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் ஸப்பெலோ என்றொரு தீவு இருக்கிறது. பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த தோட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகளை மேற்பார்வையிட்டவர் பிலாலி முஹம்மது. அவரும் ஓர் அடிமையே. இன்றைய கினியா நாட்டின் ஃபூத்தா ஜாலோன் பகுதியைச் சேர்ந்த அவர், பஹாமாஸ் வழியாக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற 13 பக்க அரபுக் கையெழுத்துப் பிரதி இன்று ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நெடுங்காலம் அதை அவருடைய நாட்குறிப்பு என்றே எண்ணியிருந்தார்கள். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் அதை நைஜீரியாவின் கானோ நகர ஆலிம்களிடம் காட்டினார். இமாம் இப்னு அபீ ஸைத் அல்கைரவானீயின் 'ரிஸாலா'விலிருந்து எழுதப்பட்ட பகுதிகளே அவை என்பது அதன்பின் தெரிந்தது. மாலிகி மத்ஹபில் மாணவர்கள் முதலில் ஓதும் கிதாபு அது! உளூவும் பாங்கும் தொழுகையும் அதில் வருகின்றன, பிழைகளும் நிறைய. கிதாபும் இல்லை, திருத்தித் தர உஸ்தாதும் இல்லை. பாலப்பருவத்தில் ஓதியதை நினைவிலிருந்து எழுதினால் நம்மில் எத்தனை பேருக்குப் பிழையில்லாமல் வரும்?

பிலாலியின் சந்ததிகள் இன்று பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஆனால் நினைவு அழியவில்லை. பிலாலியும் அவர் மனைவி ஃபீபியும் விரிப்பில் மண்டியிட்டுத் தொழுததையும், மணிகளை உருட்டி ஓதியதையும் கொள்ளுப்பேத்தி கேட்டி பிரவுன் 1930-களில் சொல்லிப் பதிவு செய்தார்கள். வீட்டில் செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்த அரிசிப் பண்டத்துக்கு 'சரகா' என்று பெயர். நமது 'ஸதகா'தான் அது. அதே வம்சத்தில் வந்த கார்னிலியா வாக்கர் பெய்லி, தீவின் கதைகளைத் திரட்டி 2000-ல் நூலாக வெளியிட்டார், 2017-ல் காலமானார்.

இப்போது அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது ஹாக் ஹம்மக் என்ற ஒரே குடியிருப்பு. சில டஜன் பேர்தான் நிரந்தரமாக வாழ்கிறார்கள். 2023-ல் மாவட்ட நிர்வாகம் வீடுகளின் பரப்பளவு வரம்பை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தியது. பணக்காரர்கள் மாளிகை கட்ட வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும்; கூடவே வரியும் ஏறும். அதைக் கட்ட முடியாதவர் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். மக்கள் நீதிமன்றம் போனார்கள். அம்முடிவின் மீது வாக்கெடுப்பு கோர அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2025-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.