கடல் தின்ற சேசிஸ்

குச்சவெளியில் பழைய பிக்கப் வாங்கப் போகிறவன் முதலில் மண்ணில் மல்லாந்து படுக்கவேண்டும். எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். மீன்பெட்டியிலிருந்து வழியும் ஐஸ்தண்ணி சேசிஸுக்குள் இறங்கி, உள்ளிருந்தே அரிக்கும். அடியில் புதுத்தார் பூசியிருந்தால் வாப்பா சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்டால் சரி. சத்தம் செத்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இன்னொரு பயமும் சேர்ந்தது: கடல்தண்ணி குடித்த வாகனம். வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, சீட்டுக்கு அடியில் துரு. இவற்றைப் பெயிண்ட் மறைக்காது.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த இடைவெளியில் கிழட்டு ஹைலக்ஸுக்கும் ராஜமரியாதை. வயதோடு விலையும் ஏறிய கூத்து அது. அவசரத்தில் வாங்கியவர்கள்தான் கராஜ்காரரை வாழவைத்தார்கள்.

எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறவுங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். மூடியின் அடியில் பால்நிறக் களிம்பு தெரிந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், தேத்தண்ணி குடித்துக்கொண்டு அது ஆறும்வரை இருங்கள். டீசல் எஞ்சினின் பல குறைகள் குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் பண்ணும்போதுதான் வெளியே வரும்.